திருகோணமலைக்குப் போனால் முதலில் கடலைப் பாருங்கள்

ஊருக்குப் போய்வந்ததிலிருந்து பெங்களூர் அல்சூரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "திருகோணமலையில என்னக்கா பார்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். சிலருக்கு அது விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு, அங்கிருந்து ஒரு ரயில், அவ்வளவுதான். சிலருக்கு என்னைப் போலப் பிறந்த ஊர், அல்லது அம்மா பிறந்த ஊர். இந்த இரண்டாம் வகையினருக்கு ஒரு புத்தி சொல்கிறேன்: சொந்தக்காரருக்குத் தகவல் சொல்லும் முன்னே கடலைப் பார்த்துவிடுங்கள்.

நான் சொல்லிவிட்டுப் போனேன். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இரவு ரயில் ஏறி விடிய இறங்கினால், வாசலில் சித்தப்பாவின் மகன் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறான். வீட்டில் வைத்த தேத்தண்ணி ஆறவில்லை, "ஒரு கையெழுத்துத்தான் அக்கா, பத்து நிமிசம்" என்றான்.

அப்பாவின் உப்புவெளிக் காணி விஷயம். பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த நிலம். அப்பா போனபிறகு வேலி அடைத்துக் கிணறு இறைத்து வைத்திருப்பவன் அவன்தான். அதை அவன் பெயருக்கு மாற்ற எனக்கு ஆட்சேபனை இல்லை என்று ஓர் அலுவலகத்தில் நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையிலேயே எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனாலும் ஐந்து நாள் பயணத்தில் மூன்று நாள் அதற்கே போயிற்று.

முதல் நாள், கவுண்டரில் இருந்த பிள்ளை என் பிறப்புச் சான்றிதழையும் இந்தியப் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் அப்பா பெயர், மற்றதில் கணவர் பெயர். ஊரில் என் பெயருக்கு இங்கிலீஷில் 'எச்' என்று ஓர் எழுத்து அதிகம். பெங்களூர் அதைப் பிடுங்கிவிட்டது. "இதில இருக்கிறவவும் நீங்களும் ஒராள் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்றாள். அதுதான் கல்யாணச் சான்றிதழ் கொண்டுவந்திருக்கிறேனே என்று பெருமையாக எடுத்து நீட்டினேன். நம் பதிவாளர் அலுவலகம் கொடுத்தது, முழுக்கக் கன்னடம்.

அவள் அதைச் சிங்களம் என்று நினைத்துப் பக்கத்து மேசைக்குக் கொடுத்தாள். அந்த ஐயா கண்ணாடியைப் போட்டு, உதட்டை அசைத்து முதல் வரியைப் படிக்கப் பார்த்தார். வட்ட வட்டமாக எழுத்து. ஆனால் ஒன்றும் ஓடவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "இது எங்கட சிங்களம் இல்ல" என்று சிரித்தார். பிறகு ஒவ்வொரு மேசையாக எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கன்னடம் தெரிந்த சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். அந்த ஊரில் எங்கே போவது?

அடுத்த நாள் போயா, அதாவது பௌர்ணமி. மாதந்தோறும் அரசாங்க விடுமுறை. டிக்கெட் எடுக்குமுன் காலண்டரில் பௌர்ணமியைப் பாருங்கள்; நான் பார்க்கவில்லை. சரி, கடலுக்காவது போகலாம் என்றால், சத்தியக் கடதாசிக்கு, அதாவது அஃபிடவிட்டுக்கு, கையெழுத்து வைக்க ஒரு சமாதான நீதவானைத் தேடி அலைந்தோம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அதில் நானே சத்தியம் செய்தேன். மூன்றாம் நாள் கிராம அலுவலரிடம் ஒரு கடிதம். "கடைசியா இஞ்ச எப்ப இருந்தனீங்கள்?" என்று கேட்டார். "1989" என்றேன். அவர் எழுதிக்கொண்டே, "அப்ப நான் பிறக்கேல்ல" என்றார். எல்லாவற்றையும் கொண்டுபோனால், கையெழுத்து வைக்கிற அதிகாரி கூட்டத்தில்.

ஆகவே இப்படி ஏதும் வேலை இருக்கிறவர்கள் இங்கிருந்தே கல்யாணச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்டு போங்கள். பிறப்புப் பதிவின் இலக்கத்தை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நேரில் போகாமல் அற்றோணித் தத்துவம், நம் பக்கத்துப் பேச்சில் பவர் பத்திரம், அனுப்பினால் சரியா என்றும் கேளுங்கள். சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது.

இனி ஊர். பெங்களூர்க்காரருக்குத் தசரா லீவில்தான் ஆசை வரும், வேண்டாம். அக்டோபரில் மழை தொடங்கிவிடும், கடல் குழம்பும். மே முதல் செப்டம்பர் வரை கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. காலையிலேயே படகு பிடியுங்கள். கரையெல்லாம் உடைந்த பவளம், செருப்பு இல்லாமல் கால் வைக்க முடியாது. முருகைக் கற்களுக்கு, அதாவது பவளப் பாறைகளுக்கு, மேலே மிதந்தால் குட்டிச் சுறாக்கள்கூடத் தெரியும், ஒன்றும் செய்யாது. வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. நான் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கட்டினேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

கோணேசர் கோவிலுக்கு வெயில் ஏறுமுன் போங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் நுழைய வேண்டும். உள்ளே இராணுவம் உண்டு. முகாமைப் படம் பிடிக்காமல் நடந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வழியெல்லாம் புள்ளிமான். வாழைப்பழத் தோல் கையில் இருந்தால் பின்னாலேயே வரும். பழைய கோவிலைப் போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். இப்போதிருப்பது அதன் பிறகு எழுந்தது. சம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே இந்தத் தலத்தைப் பாடினார் என்பது ஐதீகம். கொடுத்து வைத்தவர், கடல் கடக்காமலே வேலை முடிந்தது. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் ஓரத்து மரத்தில் பிள்ளை வரத்துக்குக் கட்டிய சின்ன மரத்தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று இடிக்கும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொள்வேன்.

கடைசிக் காலை தம்பி கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போனான், டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் சொற்ப தூரம். டிக்கெட் கிழிக்கிற பையன், "உள்ளூரோ?" என்றான். பெங்களூரில் முப்பது வருஷமாக 'ஆமா' சொல்கிற வாய், "ஓம்" என்றது. உள்ளூர் டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டான். ஒரு கடதாசியும் கேட்கவில்லை.

ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. இறங்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். தம்பி அள்ளித் தந்துகொண்டே, "பெரியப்பாவின்ர முப்பத்தொண்டுக்கும் இஞ்சதான் வந்தனாங்கள்" என்றான். அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம். அது 2011. சண்டை முடிந்து இரண்டு வருஷம், பாதையெல்லாம் திறந்திருந்தது. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று நான் போகவில்லை. அவன் அதைச் சொல்லவில்லை, அடுத்த வாளியை நீட்டினான்.

கோப்பு இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறதாம். கன்னடத்துக்கு இங்கே ஆள் பிடித்துவிட்டேன். வருகிற வாரம் சதாப்தியில் சென்னைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். பௌர்ணமி இல்லை, பார்த்துவிட்டேன்.