மலிவு ஸ்ப்ரே பிரைமர்: மினியேச்சர் பெயின்ட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மினியேச்சருக்கு, அதாவது போர் விளையாட்டுக்கான சின்னஞ்சிறு வீரர் பொம்மைக்கு, மலிவான பிரைமர் அடிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் ஹால்ஃபர்ட்ஸ் கடையின் சாம்பல் நிற கார் பிரைமரையும், அமெரிக்காவில் ரஸ்ட்-ஓலியம், கிரைலான் டப்பாக்களையும் வைத்தே படை படையாகப் பெயின்ட் செய்து முடித்தவர்கள் ஏராளம். சிட்டடெல், ஆர்மி பெயின்டர் என்று இந்தப் பொழுதுபோக்குக்கென்றே வரும் டப்பாக்களுக்குள்ளும் இருப்பது ரெசின், நிறமி, கரைப்பான், உந்து வாயு என்ற அதே சரக்குதான். அவற்றைத் தயாரித்தவர்கள் 28 மி.மீ. பொம்மையை மனதில் வைத்துத் தயாரித்தார்கள். ஹார்டுவேர் கடை டப்பா இரும்பு கேட்டுக்கும், பைக் மட்கார்டுக்கும், மரச் சட்டத்துக்கும் ஆனது. அது பொம்மைக்கு ஒத்துவருமா என்று பார்க்கும் வேலை வாங்குகிறவர் தலையில் விழுகிறது. விலை குறைவதற்குக் கொடுக்கும் ஈடு அதுதான்.

பிரைமர் எதற்கு என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயின்ட் வெறும் பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ பிடிக்காது. முத்து முத்தாகத் திரளும், காய்ந்தாலும் நகம் பட்டால் உரியும். அதற்கு ஒரு சொரசொரப்பான, மங்கலான அடிப்படலம் வேண்டும். மெல்லியதாகவும் இருக்க வேண்டும்: முகம் அரை செ.மீ.கூட இல்லாத பொம்மையில் கண் இமையும் பித்தானும் எவ்வளவு ஆழம் இருக்கும்!

‘பிரைமர்’ என்று எழுதியிருந்தால் போதும் என்று எடுப்பது

கடையில் பிரைமர் என்று கேட்டால் ரெட் ஆக்சைடு கைக்கு வரலாம். அது இரும்பு கிரில்லுக்குத் துரு பிடிக்காமல் இருக்க அடிப்பது. படலம் தடிமன், நிறமோ செங்கல். மேலே மஞ்சளோ வெள்ளையோ ஏற்றுவதற்குள் நான்கைந்து கோட் ஆகிவிடும். எட்ச் பிரைமர் என்று இன்னொன்று உண்டு. அதில் அமிலம் இருக்கும், வெறும் எஃகையும் அலுமினியத்தையும் லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் அதற்கு வேலையே இல்லை.

உண்மையில் ஆளை ஏமாற்றுவது ஃபில்லர் பிரைமர், அதாவது ஹை-பில்ட் வகை. சாம்பல் நிறம், மேட், பிளாஸ்டிக்கிலும் நன்றாகப் பிடிக்கும். பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். டிங்கரிங் வேலையில் உப்புத்தாள் தேய்த்த கோடுகளை நிரப்பி மறைப்பதற்காகச் செய்தது அது. கார் கதவில் கோட்டை நிரப்புகிற அதே குணம் பொம்மையில் சங்கிலிக் கவசத்தின் வளையங்களை நிரப்பிவிடும். டப்பாவில் ‘ஃபில்லர்’, ‘ஹை-பில்ட்’ என்ற சொல் கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். இழை உருக்கி அச்சிடும் த்ரீடி பிரின்டரில் எடுத்த கட்டடம், பாறை போன்றவற்றுக்கு மட்டும் இதே சரக்கு அருமையானது; அடுக்குக் கோடுகளை அது மறைப்பது அங்கே நமக்கு லாபம்.

ஜப்பானின் மிஸ்டர் சர்ஃபேசர் வரிசையில் 500, 1000, 1200, 1500 என்று எண்கள் இருக்கும். உப்புத்தாள் எண் மாதிரியே படிக்க வேண்டும்: எண் கூடக் கூட நயம். 500 சந்து நிரப்ப, 1500 நுணுக்கமான பொம்மைக்கு. எண் தெரியாமல் கிடைத்ததை வாங்கிவிட்டு பிராண்டைத் திட்டுவது நியாயமில்லை.

‘பெயின்டும் பிரைமரும் ஒன்றிலேயே’ என்று வரும் டப்பாக்களை முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. கெட்டியான பிளாஸ்டிக்கில் பலவும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் மேட் அல்லது ஃபிளாட் என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். பளபளப்பில் தண்ணீர் கலந்த அக்ரிலிக் சரியாகப் பிடிக்காது. பாதிப் பளபளப்பான சாட்டினும் வேண்டாம்.

பொம்மை எதனால் ஆனது என்று பார்க்காமல் அடிப்பது

மலிவு டப்பாவில் அதிகம் பேர் பொம்மையை இழப்பது இந்த இடத்தில்தான்.

சட்டத்தில் இருந்து வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் சிமென்ட் போட்டு ஒட்டுகிற கிட்கள் பாலிஸ்டைரின். ஸ்ப்ரேயில் உள்ள அசிட்டோன், டொலுயின், சைலீன் போன்ற கரைப்பான்கள் இதைக் கரைக்கக்கூடியவை. மெல்லிய கோட்டாக விழுந்தால் கரைப்பான் மேல்தோலை லேசாகக் கவ்விவிட்டு ஆவியாகிவிடும். லாக்கர் வகை (கரைப்பான் ஆவியானதும் சட்டென்று காய்ந்துவிடுவது) பிரைமர் இந்தப் பிளாஸ்டிக்கில் உறுதியாகப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஈரம் சொட்டச் சொட்ட அடித்தால் அதே கரைப்பான் தங்கிப்போய் ஈட்டி முனையையும் விரலையும் மழுக்கிவிடும்.

போர்டு கேம் பெட்டிகளில் வரும் வளைகிற பொம்மைகள் பெரும்பாலும் பிவிசி. வாளை மெல்ல வளைத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளைந்து திரும்பினால் அதுதான். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருளும் ஸ்ப்ரேயின் கரைப்பானும் சேர்ந்தால், வாரக்கணக்கில் காய வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. ரீப்பர் நிறுவனத்தின் போன்ஸ் வரிசைப் பொம்மைகளில் சில ஸ்ப்ரேக்கள் இப்படிச் செய்வது பரவலாகத் தெரிந்த விஷயம். போன்ஸுக்குப் பிரைமரே அவசியமில்லை என்று சொல்லித்தான் அந்த நிறுவனம் விற்றது. வளைகிற பொம்மை எதுவாக இருந்தாலும் வல்லேஹோ சர்ஃபேஸ் பிரைமர் மாதிரித் தண்ணீர் வகையைப் பிரஷ்ஷால் பூசிவிடுவது நல்லது. ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால் ஒரே ஒரு பொம்மையில், அதுவும் பீடத்தின் அடியில் அடித்து, இரண்டு நாள் கழித்து விரல் வைத்துப் பாருங்கள்.

திரவ ரெசினை ஒளியால் இறுகவைத்து த்ரீடி பிரின்டரில் எடுக்கும் ரெசின் பிரின்ட்களில் பிரச்சினை வேறு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சரியாகக் கழுவாமலோ, புற ஊதா ஒளியில் முழுக்கப் பதப்படுத்தாமலோ விட்டால் மேலே ஒட்டும் ரெசின் படலம் மிச்சம் இருக்கும். பிரைமர் அதன்மேல் உட்கார்ந்து பின்னால் செதில் செதிலாக வரும். பழி பிரைமருக்குப் போகும்.

தெர்மாகோல்? நேராக ஸ்ப்ரே அடித்தால் கண்ணெதிரே உருகும். குன்று, பாறை செய்கிறவர்கள் ஃபெவிகாலோடு அக்ரிலிக் பெயின்டைக் கலந்து இரண்டு கோட் பூசி, முழுக்கக் காய்ந்தபின் அடிக்கலாம். பக்கவாட்டில் ஊசிமுனை இடம் விட்டாலும் ஸ்ப்ரே அதன் வழியே புகுந்து உள்ளே பொந்து வைத்துவிடும். குறையொன்றும் இல்லாமல் வர வேண்டுமென்றால் ஸ்ப்ரேயை மறந்துவிட்டுப் பிரஷ்ஷையே பிடியுங்கள்.

எந்தப் பொருளானாலும் கழுவாமல் அடிக்கக்கூடாது. அச்சில் இருந்து எளிதில் கழன்று வரப் போடும் பூச்சு ரெசினிலும் உலோகத்திலும் தங்கியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத் பிரஷ், ஒரு ராத்திரி காய வைத்தல். அவ்வளவுதான்.

டப்பா விலையை மட்டும் பார்ப்பது

டாமியா, மிஸ்டர் சர்ஃபேசர் டப்பாக்கள் 170, 180 மி.லி. அளவில் வருபவை, சிட்டடெல்லும் ஆர்மி பெயின்டரும் 400 மி.லி. எனவே மி.லி.க்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். பத்துப் பொம்மை மட்டும் அடிக்கப்போகிறவர் நயமான சின்ன டப்பாவை வாங்கினாலே போதும். நூறு பேர் கொண்ட படைக்குத்தான் ஹார்டுவேர் கடைக் கணக்கு லாபம். இன்னொரு வழியும் உண்டு: தலைவன், குதிரைவீரன், முகம் தெரியும் நாயகர்களுக்கு நல்லது, கும்பலுக்கும் கட்டடத்துக்கும் மலிவு.

வெள்ளையில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, அடியில் படிந்துவிடும். சரியாகக் கலங்காத மலிவு வெள்ளை, சுண்ணாம்புத் தூள் தூவினது மாதிரி விழும். மலிவில் முதல் டப்பா வாங்குகிறவர்கள் சாம்பலில் தொடங்கலாம், அடுத்து கறுப்பு. மேலிருந்து வெளிச்சம் படுவது போல வேண்டுமானால், கறுப்பு அடித்துக் காய்ந்தபின் மேற்பக்கமிருந்து மட்டும் சாம்பலைத் தூவினாலே நிழல் விழுந்துவிடும்.

காற்றைப் பார்க்காமல் மொட்டைமாடி ஏறுவது

டப்பாக்களின் முதுகில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. பொதுவாக 10 முதல் 32 டிகிரி வரை வெப்பம், ஈரப்பதம் 65 சதவீதத்துக்குள் என்றோ 85 சதவீதத்துக்குள் என்றோ இருக்கும். குளிர்நாட்டுக்காரருக்கு முதல் எண் தலைவலி. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர்வாசிகளுக்கு மற்ற இரண்டும்.

கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அந்தக் குளிர்ந்த படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி இறங்கி, காயும்போது வெள்ளைப் புகை படிந்தது போல் ஆகிவிடும். வெயில் மிஞ்சினால் வேறு கதை: சொட்டு பொம்மையைத் தொடுமுன் காற்றிலேயே காய்ந்து தூளாக விழும், தடவினால் மணல் மாதிரி இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, மேலே இன்னொரு கோட் அடித்துவிடுவார்கள். புகை மாதிரி படிந்ததற்கு அது சரி. காய்ந்த நாளில் ஒரு மெல்லிய கோட் அடித்தால் கரைப்பான் படலத்தைத் திரும்ப இளக்கிச் சரிசெய்யும். மணலுக்கு அது மேலும் மணல்தான். அதை முதலில் உலர்ந்த டூத் பிரஷ்ஷால் தேய்த்து உதறிவிட்டு, கொஞ்சம் கிட்டத்தில் இருந்து அடிக்க வேண்டும்.

சென்னையில் விடிகாலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அடிப்பது தப்புக் கணக்கு. அப்போதுதான் ஈரப்பதம் உச்சத்தில். வெயில் ஏறி, கடல்காற்று உள்ளே வருவதற்கு முன்னால், முற்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடைக்கும். நிழலில் நின்று அடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைநாட்களில் ஸ்ப்ரேயை மூட்டை கட்டிவிட்டுப் பிரஷ் பிரைமருக்குப் போவதே மேல். சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

ஏசி அறையில் இருந்த பொம்மையை எடுத்துக்கொண்டு நேராக பால்கனிக்குப் போகாதீர்கள். குளிர்ந்த உலோகப் பொம்மை மேல் உடனே ஈரம் படியும், பிரைமர் அந்த ஈரத்தின் மேல் விழும். பொம்மையையும் டப்பாவையும் அரை மணி நேரம் வெளியே நிழலில் வைத்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

அடிக்கும்போது

இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்குங்கள். உள்ளே குண்டு சத்தம் வரத் தொடங்கியபின் இரண்டு நிமிடம். முதல் பீச்சலை அட்டையில் அடித்துவிட்டு, 20 முதல் 30 செ.மீ. தள்ளி, பொம்மைக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஒரே வீச்சில் போய், மறுபக்கம் வெளியே முடிக்க வேண்டும். பொம்மைக்கு நேரே நிறுத்தி அழுத்தினால் அங்கே குளம் கட்டும். முதல் கோட்டில் பிளாஸ்டிக் நிறம் தெரிந்தால் தெரியட்டும். ஒரே தடவையில் மூட ஆசைப்படுவதுதான் விவரம் மூழ்கக் காரணம். கையடங்கும் கட்டையில் ஒட்டிவைத்து, தலைகீழாகவும் திருப்பி அடித்தால் அக்குளும் தாடைக்கு அடியும் விட்டுப்போகாது.

அடுத்த கோட்டுக்கு எத்தனை நேரம் என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். மெதுவாகக் காய்ந்து இறுகும் எனாமல் வகைகள் பலவற்றில் ‘ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 24 அல்லது 48 மணி நேரம் கழித்து’ என்று இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால், பாதி காய்ந்த படலத்துக்குள் புதுக் கரைப்பான் புகுந்து ஊற வைத்து, அப்பளம் பொரிந்தது மாதிரிச் சுருக்கி எடுத்துவிடும். லாக்கர் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. பத்திருபது நிமிடத்தில் அடுத்த கோட் போடலாம். டப்பாவில் எது என்று தெளிவாக இல்லாவிட்டால் இந்தக் காயும் நேர வரியே காட்டிக்கொடுத்துவிடும்.

முடிந்ததும் டப்பாவைக் கவிழ்த்து, வெறும் காற்று மட்டும் வரும்வரை அழுத்தினால் முனை அடைக்காது.

உந்து வாயு புரோப்பேன், பியூட்டேன் போன்றது. சமையல் கேஸின் உறவுதான். அடுக்களையை ஒட்டிய பால்கனியில் அடுப்போ, பூஜை விளக்கோ எரியும்போது அடிக்காதீர்கள். என்95 மாஸ்க் தூளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். வெயிலில் நிறுத்திய காரிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ டப்பாவை விட்டால் 50 டிகிரி தாண்டி வெடிக்கலாம். சிங்கப்பூரில் இருந்து வரும் மாமாவிடம் நல்ல பிரைமர் வாங்கிவரச் சொல்வதும் நடக்காது: எரியக்கூடிய பெயின்ட் ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, செக்-இன் பையிலும் முடியாது.

புது டப்பாவை நேராக நாயகன்மேல் அடிப்பது

கிட் வெட்டியபின் மிஞ்சும் சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அது பொம்மையின் அதே பிளாஸ்டிக். அதில் புடைப்பாக வார்த்த சிறு எண்களும் இருக்கும். கழுவி, ஒரு மெல்லிய கோட் அடித்து, ஒரு நாள் விடுங்கள். எண் கூர்மையாகத் தெரிகிறதா? நகத்தால் கீறினால் வெள்ளையாகக் கோடு விழுவது பரவாயில்லை, பட்டையாக உரிந்தால் ஆகாது. மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கடைசியாகத் தண்ணீர் கலந்த அக்ரிலிக்கில் ஒரு கோடு: பரவி நின்றால் சரி, திரண்டால் அந்த டப்பாவைக் கிரில்லுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கெட்டுப்போனதைக் கலைக்க, பாலிஸ்டைரின் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். மேலே பூசிய அக்ரிலிக்குக்கு வீட்டிலுள்ள டெட்டால் போதும். ஆனால் டெட்டாலில் இருந்து எடுத்ததைத் தண்ணீரில் காட்டினால் இளகிய பெயின்ட் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே தேய்த்து எல்லாம் போனபிறகு சோப்புத் தண்ணீர். ரெசின் பிரின்ட்டை ஆல்கஹாலில் அதிக நேரம் விட்டால் இளகி உடையும். நெயில் பாலிஷ் ரிமூவரை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் உள்ள அசிட்டோன் பிரைமரோடு பொம்மையையும் கரைத்துவிடும். எனாமல் பிரைமர் இதற்கெல்லாம் எளிதில் அசையாது. அது சுருங்கிப்போன பொம்மையைப் பாழடைந்த சிலையாகவோ பிணமாகவோ பீடத்தில் படுக்கவைத்துவிடலாம்.