ஒயின் சுவைக்கப் பழக மூன்று போர்ச்சுகல் பாட்டில்கள்

ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் திராட்சை ரகங்களின் பெயரை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறார்கள். போர்ச்சுகல் ஒயினில் அந்த வழி சீக்கிரமே முட்டிக்கொள்ளும். அந்தச் சின்ன நாட்டில் 250க்கும் மேற்பட்ட உள்ளூர் ரகங்கள் இருக்கின்றன. வடக்கே டின்டா ரோரிஸ் என்று சொல்லும் அதே திராட்சைக்குத் தெற்கே அரகோனேஸ் என்று பெயர். போதாததற்கு, பெரும்பாலான ஒயின்களைப் பல ரகங்களைக் கலந்துதான் செய்கிறார்கள். ரகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு இந்த மூன்றும் நாக்குக்குப் பிடிபட்டால் போதும்.

1. லேபிளைப் படியுங்கள்

பிராங்கோ என்றால் வெள்ளை, டின்டோ என்றால் சிவப்பு. செகோ இனிப்பில்லாதது, டோசே இனிப்பானது. கின்டா என்பது திராட்சைத் தோட்டம். டிஓசி என்ற மூன்றெழுத்து இருந்தால், எந்த வட்டாரத்துத் திராட்சை, எந்த ரகங்கள், எப்படிச் செய்யலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு என்று பொருள். வின்யோ ரெஜியோனல் என்றிருந்தால் விதிகள் கொஞ்சம் தளர்வு. அதனால் அது மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தெற்கே இருக்கும் அலென்டேஜோ பக்கத்து நல்ல ஒயின்கள் பல இந்த வகையில்தான் வருகின்றன. ரிசர்வா என்ற சொல்லை மட்டும் நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

2. குளிர்ச்சியைச் சரிபாருங்கள்

வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 10 டிகிரி, சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று சொன்னவர்கள் ஐரோப்பியக் குளிரில் இருந்தவர்கள். நம் வெயிலில் அதையும் அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். இல்லாவிட்டால் சாராய நெடிதான் முன்னால் வந்து நிற்கும்.

கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழற்றி, முகர்ந்து, ஒரு சின்ன மிடறை வாயில் சில நொடி வைத்திருங்கள். துப்பிவிடலாம், தவறில்லை; தொழில்முறையில் சுவைப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

3. புளிப்பு: வின்யோ வெர்டே

இந்த ஒயின் வருவது போர்ச்சுகலின் வடமேற்கு மூலையிலிருந்து; அட்லாண்டிக் மழை அடிக்கும் இடம். அங்கே விளையும் திராட்சையில் புளிப்பு நன்றாகத் தங்கும். வெள்ளை ஒயினாக வாங்குங்கள். பல பாட்டில்களில் ஆல்கஹால் 9 முதல் 11 சதவீதம்தான், லேசான குமிழியும் இருக்கும். விழுங்கியதும் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா? அதுதான் புளிப்பின் அடையாளம். வறுத்த மீனோடு சேர்த்துப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுபிசுப்பை அது வெட்டிவிடும்.

4. துவர்ப்பு: டோரு சிவப்பு

டோரு ஆற்றங்கரையில் செங்குத்தான பாறைச் சரிவுகளைப் படிப்படியாக வெட்டித் திராட்சை வளர்க்கிறார்கள். 1756இலேயே எல்லை வகுக்கப்பட்ட வட்டாரம் அது. 2001இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. சிவப்பு ஒயின் திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்ந்தே நொதிக்கிறது. நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் அங்கிருந்து இறங்குகின்றன. டோருவின் முக்கிய ரகமான டூரிகா நசியோனாலுக்குச் சின்னப் பழம், தடித்த தோல். அதனால் துவர்ப்பு தூக்கலாக இருக்கும்.

ஒரு மிடறு குடித்ததும், அதிக நேரம் கொதித்த கட்டந்தேநீர் குடித்ததுபோல ஈறும் கன்னமும் வறண்டு இழுக்கும். இப்போது ஒரு துண்டு சீஸோ கொழுப்புள்ள கறியோ சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு மிடறு குடியுங்கள். அதே ஒயின் மிருதுவாகத் தெரியும். புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்குவதால்தான் இப்படி. எந்த உணவுக்கு எந்த ஒயின் என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

5. இனிப்பு: டானி போர்ட்

இதைக் கடைசியில்தான் குடிக்க வேண்டும். முதலில் குடித்தால் மற்ற இரண்டும் வெறும் புளிப்பாகத் தெரியும். போர்ட் ஒயினும் டோரு திராட்சைதான். நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், திராட்சையின் சொந்தச் சர்க்கரை ஆல்கஹாலாக மாறாமல் அப்படியே தங்கிவிடும். ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம் என்பதால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மரப் பீப்பாயில் பல வருடம் கிடந்து, சிவப்பு வெளுத்துப் பழுப்பாகி, கொட்டைப் பருப்பு வாசனை ஏறியது டானி. பழச்சுவை மாறாத இளசு ரூபி. டானி லேபிளில் 10, 20 என்று இருக்கும் எண், பல ஆண்டு ஒயின்களைக் கலந்து கொண்டுவந்த முதிர்ச்சியைக் குறிப்பது, ஒரே அறுவடையின் வயதை அல்ல.

சரி, மிச்சத்தை என்ன செய்வது? வெள்ளையையும் சிவப்பையும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். டானி சில வாரம் தாங்கும். மாதக்கணக்கில் திறந்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டுமென்றால் அடுத்த முறை போர்ச்சுகலின் மடெய்ரா தீவு ஒயினை வாங்குங்கள். செய்யும்போதே சூடும் காற்றும் பட்ட ஒயின் என்பதால் அது எளிதில் கெடாது. அதன் லேபிளில் வரும் திராட்சை ரகப் பெயர்களில் செர்சியல், வெர்டெல்யோ, போவல், மால்வசியா என்ற வரிசையில் இனிப்பு கூடிக்கொண்டே போகும். முதல் தடவைக்கு வெர்டெல்யோ நல்லது.