கியர்பாக்ஸ் எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறினால்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் ஃபோர்வீல் வண்டிகளுக்கு மழைக்காலத்தில் வரும் வழக்கமான சீக்கு இது. சூடான கியர்பாக்ஸ் ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மேலே உள்ள பிரீதர் (பெட்டிக்குள் காற்று போய்வரும் துளை) சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் அடித்துக் கலக்கிய தே தாரிக் (நுரை ததும்ப ஆற்றிய பால் தேநீர்) போல வெளுத்திருந்தால் வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். பேரிங்கில் துரு பிடிக்க அதிக நாள் வேண்டாம்.

கீழே சொல்வது மேனுவல் கியருக்கு மட்டும். ஆட்டோ கியரில் தண்ணீர் புகுந்தால் கிளட்ச் தட்டுகளின் ஒட்டே விட்டுப்போகும். அது பட்டறை வேலை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிளக்குகளைச் சுற்றி ஒட்டிய செம்மண்ணைத் துடையுங்கள். முதலில் பக்கவாட்டில் உள்ள நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள். அது இறுகிப்போயிருக்க, அடிப் பிளக்கைத் திறந்து எண்ணெயைக் கொட்டிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. இரவு முழுதும் நின்ற வண்டியானால் அடிப் பிளக்கை அரைச் சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் சொட்டும்.

பிளக்கின் காந்தத்தைக் கவனியுங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு. பித்தளை மினுமினுப்பு என்றால் சிங்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துவைக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. நகத்தளவு இரும்புத் துண்டு வந்தால் கழுவிப் பயனில்லை, பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

கழுவ மலிவான 80டபிள்யூ-90 (தடிப்பு எண்) ஜிஎல்-4 (தர வகை) கியர் எண்ணெய் போதும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2 முதல் 3 லிட்டர் பிடிக்கும். உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பாருங்கள். கைப்பம்பால், நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். டிரான்ஸ்ஃபர் பெட்டியின் (கியர்பாக்ஸ் விசையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரிப்பது) லீவரை 'என்'னில், அதாவது நியூட்ரலில், போட்டால் சக்கரம் சுற்றாமல் கியர்பாக்ஸ் மட்டும் ஓடும். ஆனால் அப்போது வண்டியைப் பிடித்து வைப்பது கைப்பிரேக் மட்டுமே. சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், இன்ஜின் ஓடும்போது அடியில் புகாதீர்கள். ஒவ்வொரு கியரிலும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, சூடு ஆறுமுன் வடியுங்கள். இரண்டாம் தடவை ஊற்றியபின் பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி வடித்தால், மேல்சுவரில் ஒட்டிய வெள்ளையும் இறங்கிவரும். எண்ணெய் தெளியும்வரை திருப்பிச் செய்யுங்கள்.

டீசல் ஊற்றிக் கழுவும் பழக்கம் வேண்டாம். பற்களுக்கு நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்தை அது கரைத்துவிடும்.

கடைசியில் கையேடு சொல்லும் எண்ணெய், புது வாஷர். பல பழைய பெட்டிகளுக்கு ஜிஎல்-4தான். சில ஜிஎல்-5 எண்ணெய்களின் கந்தகக் கலவை பித்தளை சிங்க்ரோவை அரிக்கும். டிரான்ஸ்ஃபர், முன் பின் டிஃப் (அச்சு நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் பெட்டி) மூன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள். ஒன்றில் தண்ணீர் புகுந்திருந்தால் மற்றதிலும் இருக்க வாய்ப்புண்டு.

பிரீதரைச் சரிசெய்யாமல் விட்டால் செலவழித்த வெள்ளி அத்தனையும் அடுத்த ஆற்றோடு போய்விடும். மண் அடைத்த மூடியைக் கழற்றி, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாய் மாட்டி, இன்ஜின் அறையின் பின்சுவர் உச்சிவரை கொண்டுபோங்கள். வழியில் தொங்கலோ வளைவோ கூடாது. அங்கே தண்ணீர் தேங்கும். பிரீதர் நன்றாக இருந்தும் எண்ணெய் மறுபடி வெளுத்தால், ஷாஃப்ட் சீல், கியர் லீவரின் ரப்பர் உறை இரண்டையும் பாருங்கள்.

வடித்த எண்ணெயை லொங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். மலேசியாவில் அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிட்ட அபாயக் கழிவு. டின்னில் அடைத்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுங்கள்.