பாரா பேட்மின்டன் உலக சாம்பியன்ஷிப் மேட்ச் முதல் தடவை பாக்கப்போறீங்களா? ஸ்டெப் பை ஸ்டெப்பா எப்படி பாக்குறதுன்னு இங்க இருக்கு

ஷட்டில் ஓரளவு தெரியும், ஆனா மாற்றுத்திறனாளிகள் ஆடுற பாரா பேட்மின்டன் மேட்ச் ஒண்ணு கூட முழுசா பாத்ததில்லன்னு சொல்றவங்களுக்காக எழுதுறேன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல துளசிமதி முருகேசன் சில்வர், மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம்னு நம்ம தமிழ்நாட்டு பொண்ணுங்க மூணு பேரு மெடல் வாங்கினப்போ ஸ்டேட்டஸ் போட்டவங்க ஏகப்பட்ட பேரு, ஆனா மேட்சை உக்காந்து பாத்தவங்க ரொம்ப கம்மி, கேட்டா "பாதி கோர்ட்ல ஆடுறாங்க, ஒண்ணும் புரியல"ன்னு சொல்றாங்க. ரூல்ஸ் பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும். புரிஞ்சதுக்கு அப்புறம் "பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டு ஆடுறாங்க"ன்ற பேச்சு உங்க வாயில வராது, "அந்த டிராப்பை எதுக்கு அங்க போட்டான்"னு தான் கேப்பீங்க. அவங்களுக்கு நாம குடுக்குற மரியாதை அது தான்னு நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். உலக சாம்பியன்ஷிப் முதல்ல நடந்தது 1998-ல, நெதர்லாந்துல இருக்குற ஆமர்ஸ்ஃபோர்ட்ல. 2011-ல இருந்து பாரா பேட்மின்டனையும் உலக பேட்மின்டன் சம்மேளனமே (பிடபிள்யூஎஃப்) பாத்துக்குது. 2019-ல சுவிட்சர்லாந்து பாசெல்ல பி.வி.சிந்து கோல்ட் அடிச்சாங்களே, அதே ஊர்ல அதே நேரத்துல பாரா உலக சாம்பியன்ஷிப்பும் நடந்துச்சு, மானசி ஜோஷி கோல்ட் வாங்கினாங்க, ஆனா அப்போ அதை கவனிச்சவங்க கொஞ்சம் பேரு தான். அதுக்கப்புறம் 2022-ல டோக்கியோ, 2024-ல தாய்லாந்து பட்டாயா. பாராலிம்பிக்ஸ்க்குள்ள இந்த விளையாட்டு நுழைஞ்சது டோக்கியோ 2020-ல தான், கொரோனாவால அது 2021-ல நடந்துச்சு.

ஸ்டெப் 1: முதல்ல டிராவை எடுத்து வெச்சுக்கோங்க

மேட்ச் யூடியூப்ல பிடபிள்யூஎஃப் டிவி சேனல்ல தேடினா நிறைய கிடைக்கும். மேட்ச் போடுறதுக்கு முன்னாடி டிரா ஷீட்டை, அதாவது யாரு யாரோட மோதுறாங்கன்ற பட்டியலை, ஒரு தடவை பாருங்க. வழக்கமான போட்டி மாதிரி முதல் ரவுண்டுல தோத்தா மூட்டை கட்டணும்னு இங்க இருக்காது, சிங்கிள்ஸ்ல பொதுவா குரூப் மேட்ச் நடந்து அப்புறம் தான் நாக்-அவுட், அதனால முதல் நாள் தோத்த ஆளு கடைசி நாள் ஃபைனல்ல நிக்கலாம். உலக சாம்பியன்ஷிப்ல செமில தோத்த ரெண்டு பேருக்குமே வெண்கலம் உண்டு. பாராலிம்பிக்ஸ்ல அப்படி கிடையாது, வெண்கலத்துக்கு தனியா ஒரு மேட்ச் ஆடியே ஆகணும்.

ஸ்டெப் 2: பேருக்கு பக்கத்துல இருக்குற எழுத்தையும் நம்பரையும் படிங்க

மொத்தம் ஆறு பிரிவு. டபிள்யூஎச்1, டபிள்யூஎச்2 ரெண்டும் வீல்சேர். இடுப்புக்கு மேல உடம்பை பேலன்ஸ் பண்றதுலயும் சிரமம் இருக்குறவங்க டபிள்யூஎச்1, உடம்பு நல்லா வளையும் ஆனா கால்ல தான் பிரச்சினைன்னா டபிள்யூஎச்2. எஸ்எல்3, எஸ்எல்4 ரெண்டும் நின்னு ஆடுறவங்க, பாதிப்பு கால்ல, மூணுல அதிகம் நாலுல கம்மி. எஸ்யூ5-ல பாதிப்பு கையில. எஸ்எச்6 குள்ளமா இருக்குறவங்களுக்கு. நம்பர் ஏற ஏற உடம்போட தடை குறையுதுன்னு வெச்சுக்கிட்டா அஞ்சு வரைக்கும் சரியா வரும், ஆறு மட்டும் தனி ரகம்.

இந்த பிரிவை பிளேயரே முடிவு பண்றது இல்ல, இதுக்குன்னு பயிற்சி எடுத்த கிளாசிஃபையர்ஸ் குழு மெடிக்கல் பேப்பரை பாத்து, உடம்பை டெஸ்ட் பண்ணி, ஆடுறதையும் பாத்து தான் போடுவாங்க. அதனால "இவன் நல்லா தானே ஓடுறான், இவனுக்கு என்ன"ன்னு டிவி முன்னாடி உக்காந்து தீர்ப்பு சொல்ல வேண்டாம். டிவில தெரியாத பாதிப்பு எவ்வளவோ இருக்கு.

ஸ்டெப் 3: வீல்சேர் மேட்ச்ல காக் எங்க விழுதுன்னு பாருங்க

இங்க சிங்கிள்ஸ் பாதி கோர்ட் தான், நீளவாக்குல பாதி. அதோட நெட்ல இருந்து முன் சர்வீஸ் கோடு வரைக்கும் இருக்குற 1.98 மீட்டர் இடம் மொத்தமா அவுட். அதாவது நெட்டை ஒட்டி மெதுவா தட்டி விடுற வேலையே கிடையாது, யார் போட்டாலும் பாயிண்ட் எதிராளிக்கு. நெட் உயரம் குறைக்க மாட்டாங்க, நடுவுல அதே 1.524 மீட்டர் தான், சேர்ல உக்காந்துக்கிட்டு அதுக்கு மேல அடிக்கணும். அடிக்கிற நேரத்துல உடம்பு சீட்டை விட்டு எழும்பக்கூடாது, அது ஃபால்ட்.

இப்போ நீங்களே யோசிச்சு பாருங்க, முன்னாடி இடம் அவுட், அகலம் பாதி, அப்போ எதிராளியை அசைக்க ஒரே வழி பின்னாடி தள்ளுறது. உயரமா பின் கோட்டுக்கு ஒரு கிளியர், சேர் பின்னாடி உருளும், அடுத்தது சர்வீஸ் கோட்டை தாண்டி ஒரு சாண் தூரத்துல டிராப், சேரை நிறுத்தி மறுபடி முன்னாடி தள்ளணும், பேட் பிடிச்ச கையாலயே வீலையும் தள்ளணும். பின்னாடி சாஞ்சு அடிக்கும்போது கவுந்துடாம இருக்க சேருக்கு பின்னால ஒரு குட்டி வீல் இருக்கும், அதை கவனிங்க, டபிள்யூஎச்2 ஆளுங்க அதை நம்பி எவ்ளோ தூரம் சாயுறாங்கன்னு பாத்தா மிரண்டுடுவீங்க. முதல் அஞ்சு நிமிஷம் கையை மட்டும் பாக்காம சேரோட வீலையே பாருங்க, யாரு லேட்டா உருள ஆரம்பிக்கிறாங்களோ அவங்க தான் அந்த ராலில திணறுறாங்கன்னு அர்த்தம்.

ஜப்பானோட சாடோமி சரீனா டபிள்யூஎச்1-ல, டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஃபைனல்லயும் தாய்லாந்தோட சுஜிரத்கிட்ட முதல் கேமை விட்டுட்டு அப்புறம் திருப்பி ஜெயிச்சாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா இந்த தள்ளு-இழு விளையாட்டு நல்லா பிடிபடும்.

ஸ்டெப் 4: எஸ்எல்3 போடும்போது பொறுமையா உக்காருங்க

எனக்கு ரொம்ப பிடிச்ச பிரிவு இது. சிங்கிள்ஸ் இங்கயும் பாதி கோர்ட், ஆனா நெட் பக்கம் முழுசா ஆடலாம். அகலம் கம்மின்றதால ஸ்மாஷ் அடிச்சாலும் காக் எதிராளி கைக்கு எட்டுற தூரத்துல தான் வரும், லேசுல பாயிண்ட் முடியாது, ராலி போய்க்கிட்டே இருக்கும், ரெண்டு பேரும் முன்னாடி பின்னாடின்னு செஸ் ஆடுற மாதிரி ஒருத்தரை ஒருத்தர் நகத்திக்கிட்டே இருப்பாங்க, யாருக்கு முதல்ல பொறுமை போகுதோ அவங்க தப்பு பண்ணுவாங்க.

பாரிஸ் ஃபைனல், நம்ம நிதேஷ் குமாரும் இங்கிலாந்தோட டேனியல் பெத்தெல்லும் ஆடினது, 21-14, 18-21, 23-21, ஒரு மணி 20 நிமிஷம். அதுக்கு முன்னாடி நிதேஷ் பெத்தெல்லை ஜெயிச்சதே இல்ல. நிதேஷ் 2009-ல ரயில் விபத்துல காலை இழந்தவர், அப்புறம் ஐஐடி மண்டில படிச்சப்போ தான் பேட்மின்டன் பக்கம் தீவிரமா வந்தார். மூணாவது கேமை பாக்கும்போது ஸ்மாஷை எண்ணாதீங்க, நெட்ல இருந்து அவர் பின்னாடி தூக்கி போடுற ஒவ்வொரு லிஃப்டும் எவ்ளோ ஆழமா விழுதுன்னு பாருங்க, கொஞ்சம் குட்டையா விழுந்திருந்தா கூட பெத்தெல் ஏறி அடிச்சிருப்பார்.

ஸ்டெப் 5: மத்த மூணும் முழு கோர்ட்

எஸ்எல்4-ல எந்த கால்ல பாதிப்புன்னு முதல் சில ராலில கண்டுபிடிங்க, எதிராளியும் அதை தான் தேடிக்கிட்டு இருப்பார். பிரான்சோட லூக்கா மாசூர், நம்ம சுஹாஸ் யதிராஜ் ரெண்டு பேரும் டோக்கியோலயும் பாரிஸ்லயும் ஃபைனல்ல மோதினாங்க, ரெண்டு தடவையும் மாசூர் தான் ஜெயிச்சார். சுஹாஸ் ஐஏஎஸ் அதிகாரி, வேலையோட சேத்து இதையும் ஆடுறார்.

எஸ்யூ5 பாத்தா சாதாரண பேட்மின்டன் மாதிரியே வேகமா இருக்கும். வித்தியாசம் எங்கன்னா பேலன்ஸ்ல. ஷட்டில் ஆடினவங்களுக்கு தெரியும், பேட் இல்லாத கை சும்மா தொங்குறது இல்ல, குதிக்கும்போதும் திரும்பும்போதும் அது தான் உடம்பை பிடிச்சு நிறுத்தும். அந்த கை ஒத்துழைக்காதப்போ காலும் இடுப்பும் அந்த வேலையையும் சேத்து செய்யணும். மனிஷாவுக்கு வலது கையில பிறந்ததுல இருந்தே பாதிப்பு, இடது கையால ஆடுறாங்க, 2022 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்ல ஜப்பான் பொண்ணு மாமிகோ டொயோடாவை ஜப்பான்லயே வெச்சு ஜெயிச்சு கோல்ட் வாங்கினாங்க. அவங்க சர்வீஸ் போடும்போது ஷட்டில்காக்கை எப்படி பிடிக்கிறாங்கன்னு நிறுத்தி பாருங்க.

எஸ்எச்6-லயும் கோர்ட் முழுசு, நெட்டும் அதே உயரம். குள்ளமான ஆளுக்கு ஸ்மாஷ் செங்குத்தா இறங்காது, அதனால குதி முக்கியம், டோக்கியோல கோல்ட் அடிச்ச கிருஷ்ணா நாகர் எழும்பி அடிக்கிறதை பாத்தா தெரியும்.

ஸ்டெப் 6: டபுள்ஸ்ல கூட்டிப் பாருங்க

பிரிவு நம்பர் இங்க பாயிண்டா மாறிடும். எஸ்எல்3-ல இருந்து எஸ்யூ5 வரைக்கும் கலந்து ஆடுற டபுள்ஸ்ல ஜோடியோட கூட்டுத்தொகை எட்டை தாண்டக்கூடாது, வீல்சேர்ல மூணை தாண்டக்கூடாது. நிதேஷ் மூணு, துளசிமதி அஞ்சு, எட்டு ஆச்சு, பாரிஸ் மிக்ஸ்டுல ஜோடி சேந்தாங்க. கோர்ட் முழு அகலம், அதனால அஞ்சு நம்பர் ஆளு பின்னாடி பெரும்பாலான இடத்தை ஓடி எடுக்க, மூணு நம்பர் ஆளு நெட் பக்கம் காவல் காக்கறதை அடிக்கடி பாக்கலாம். எதிர் ஜோடி இதை கலைச்சு மூணு நம்பர் ஆளை பின்னாடி இழுக்க என்னென்ன பண்றாங்கன்றது தான் சுவாரசியமே.

ஸ்டெப் 7: எந்த மேட்ச்ல ஆரம்பிக்கிறது

பழக்கமான ஆட்டம் மாதிரி இருக்கணும்னா எஸ்யூ5-ல ஆரம்பிங்க. பாரிஸ் செமில துளசிமதியும் மனிஷாவும் எதிரெதிரா ஆடினது 23-21, 21-17. அடுத்து ஃபைனல்ல சீனாவோட யாங் சியூஷியாகிட்ட துளசிமதி தோத்தாங்க, மனிஷா டென்மார்க்கோட கேத்ரின் ரோசங்ரனை ஜெயிச்சு வெண்கலம் எடுத்தாங்க. அப்புறம் எஸ்எல்3 ஃபைனல், கடைசியா வீல்சேர். வீல்சேரை முதல்லயே போட்டா ரூல்ஸ் புரிய நேரம் ஆகும், பாதில நிறுத்திடுவீங்க. வீட்ல ஷட்டில் ஆடுற பசங்க இருந்தா பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க, எந்த காக் அவுட் எது இன்னுனு உங்களுக்கு முன்னாடி அவங்க சொல்லிடுவாங்க.