கோலாலம்பூருக்கு முதல்முறை போகிறீர்களா?

பேராக்கில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் காலை என்றால் பால்மரக் (ரப்பர்) காட்டுப் பனியும் மோட்டார் சைக்கிள் சத்தமும்தான். கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இறங்கியதும் எனக்குக் கால் நகரவில்லை. அங்கே நடப்பவர்களே ஓடுவது போலத்தான் நடக்கிறார்கள்!

கல்லூரி நேர்முகத்துக்குப் போகும் தம்பி தங்கைகளே, முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் டச் என் கோ அட்டையில் ஊரிலேயே 20 வெள்ளி (ரிங்கிட்) போட்டுக்கொள்ளுங்கள். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், கொமூட்டர் என்று எல்லா ரயில்களுக்கும் அந்த ஒரே அட்டை போதும். நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டு, டோக்கன் இயந்திரத்தின் முன் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே போகத் தொட்ட அட்டையையே வெளியே வரவும் தொட வேண்டும்; இரண்டு பேருக்கு ஒரே அட்டை செல்லாது.

இரட்டைக் கோபுரத்துக்கு எல்ஆர்டியின் கிளானா ஜெயா தடம். கோம்பாக் பக்கம் போகும் ரயிலா என்று பார்த்து ஏறினால், சென்ட்ரலிலிருந்து ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி; கோபுரம் அங்கேதான். சென்ட்ரலிலிருந்து மோனோரெயிலுக்கு மட்டும் பக்கத்துப் பேரங்காடி வழியாகக் கொஞ்சம் நடக்க வேண்டும். கொமூட்டரில் பெண்களுக்கென்றே தனிப் பெட்டி உண்டு. அப்புறம், பசித்தால் சென்ட்ரலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி நடை தூரம்தான். வாழையிலைச் சாப்பாடு அம்மா கைப்பக்குவம் இல்லை, ஆனாலும் சரி, வயிறு நிறையும்.