வைட்டமின் டி மாத்திரை: 8 வார கோர்ஸ் முடிஞ்சதும் என்ன பண்ணணும்?

ரத்த டெஸ்ட்ல வைட்டமின் டி 20 ng/mLக்குக் கீழ வந்தா நம்ம ஊர்ல டாக்டருங்க பெரும்பாலும் 60,000 ஐயு (IU, வைட்டமின் அளவைச் சொல்ற யூனிட்), வாரத்துக்கு ஒண்ணு, 8 வாரம்னு எழுதுவாங்க, அதுவரைக்கும் எல்லாரும் ஒழுங்காத்தான் போடுறாங்க, சிக்கலே அதுக்கப்புறம்தான். கை கால் வலி குறைஞ்சுடுச்சுன்னு பாதிப் பேர் அப்படியே விட்டுடுறாங்க, வெயில் படாத வாழ்க்கை மாறலைன்னா சில மாசத்துல லெவல் மறுபடி இறங்கிடும். இன்னும் சிலர் பழைய சீட்டையே மெடிக்கல்ல காட்டி வருஷக்கணக்கா வாராவாரம் போடுறாங்க, தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க.

கோர்ஸ் முடிஞ்சதும் டாக்டரைப் பார்த்து மெயின்டனன்ஸ் டோஸ், அதாவது லெவல் மறுபடி இறங்காம வச்சுக்கிற அளவு, கேளுங்க. பெரியவங்களுக்கு வழக்கமா மாசத்துக்கு ஒரு 60,000, இல்லைன்னா தினமும் 1000லருந்து 2000 ஐயு. மாசத்துக்கு ஒண்ணுன்னா 1ஆம் தேதின்னு முடிவு பண்ணி போன்ல அலாரம் வச்சுக்குங்க, போட்டதும் அட்டை மேலயே பேனாவால தேதி எழுதிடுங்க, வாரம் மாசம் குழப்பமே வராது. மறந்துட்டா ஞாபகம் வந்த அன்னிக்குப் போடுங்க, ரெண்டா சேர்த்துப் போட வேண்டாம்.

இது கொழுப்புல கரையுற வைட்டமின். காலையில வெறும் வயித்துல காபியோட போடுறதை விட மத்தியானம் பருப்பு சாதம் நெய், முட்டை, மீன்னு நல்லா சாப்பிட்டதும் போட்டா உடம்புல சேரும். பவுடர்னா பால்ல கலக்கிக் குடிக்கலாம்.

கால்சியம் மாத்திரை, மல்டிவைட்டமின் ஏதாவது போடுறீங்கன்னா அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்க, அதுலயும் டி3 (வைட்டமின் டியோட ஒரு வகை) இருக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆரம்பிச்சு 3 மாசம் கழிச்சு ஒரு தடவை டெஸ்ட் எடுத்தா டோஸ் போதுமான்னு தெரிஞ்சுடும், அதுக்கு முன்னாடி எடுத்தா லெவல் இன்னும் ஏறிட்டே இருக்கும், காசுதான் வேஸ்ட். டெஸ்ட்ல 100 ng/mLஐத் தாண்டுனா அளவு மீறுதுன்னு அர்த்தம். அளவு மீறுனா ரத்தத்துல கால்சியம் ஏறும், ஓயாத தாகம், அடிக்கடி யூரின், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம்னு வந்தா மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க.

கிட்னி பிரச்சனை, கிட்னி கல் இருக்கிறவங்க, வலிப்பு மாத்திரையோ ஸ்டீராய்டோ சாப்பிடுறவங்க, கர்ப்பிணிங்க இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க, உங்களுக்கு டோஸ் வேற மாதிரி வரலாம். குழந்தைங்களுக்கும் அப்படித்தான், பெரியவங்க சீட்டைப் பார்த்துக் கொடுக்கவே கூடாது.