கயாக்கில் தூண்டில் போட வருபவர்களைத் துறைமுகங்கள் விரட்டும் விதம்

கலிபோர்னியாவின் நடுக்கடற்கரையில் பில்லர் பாயிண்ட், சான்டா குரூஸ், மாஸ் லேண்டிங் என்று சில துறைமுகங்கள் இருக்கின்றன. கோடையில் சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் அங்கே போனால், கார் கூரையில் கயாக்கை, அதாவது ஓர் ஆள் ஓட்டுகிற ஒடுக்கமான சிறு படகை, கட்டிக்கொண்டு வந்து, நெற்றியில் டார்ச் மாட்டியபடி இருட்டில் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருக்கும் சிலரைப் பார்க்கலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இப்படி வருகிறவர்களுக்கு வசதி செய்துதர வேண்டும் என்று துறைமுகங்களுக்கும் ஆசை இருக்கிறது. 2023, 2024 இரண்டு வருடமும் கலிபோர்னியாவில் கடல் சால்மன் பிடிக்கவே தடை, பெரிய படகுக்காரர்கள் பலருக்கு அது பேரிடி. ராக்ஃபிஷ், லிங்காட், ஹாலிபட் பிடிக்கிற கயாக்காரர்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஆசை சரி, ஆனால் செய்கிற வேலையில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கோட்டை விடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் தாய்த்தவறு ஒன்று உண்டு. கயாக்காரரைச் சின்னப் படகு வைத்திருப்பவர் என்று நினைப்பது. தண்ணீரைத் தொடும்வரை அவர் படகுக்காரரே இல்லை, பெருஞ்சுமையோடு நடந்து வருகிற ஆள், அவ்வளவுதான். மீன்பிடிக் கயாக் என்பது சுற்றுலாவில் வாடகைக்குத் தருகிற இலேசான சாமான் அல்ல. 10 முதல் 14 அடி நீளம், துடுப்பு போடுகிற வகையே 30 கிலோவைத் தாண்டும், காலால் மிதித்து ஓட்டுகிற வகை 50 கிலோவுக்கு மேலும் போகும். அதில் தூண்டில்கள், ஐஸ் பை, மீன் காட்டும் கருவிக்கான பேட்டரி எல்லாம் ஏறும். இதை ஓர் ஆள், தனியாக, இருட்டில், இரண்டு சக்கர வண்டியில் வைத்து இழுத்து வருகிறார். இந்தப் படம் மனதில் இருந்தால் கீழே சொல்லப்போவதில் பாதி நடக்கவே நடக்காது.

முதல் அடி கார் நிறுத்துமிடத்தில். தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல இடம் முழுவதும் டிரெய்லரோடு வருகிற வண்டிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். டிரெய்லர் இல்லாமல் நிறுத்தினால் அபராதம். கயாக்காரரிடம் டிரெய்லர் கிடையாது, அதனால் தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். நடப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கரையில் இறக்கி வைத்த சாமானை விட்டுவிட்டு, காரைக் கொண்டுபோய் எங்கோ நிறுத்தித் திரும்பி வருவதற்குள் சாமான் அங்கேயே இருக்குமா என்ற கவலை இருக்கிறதே, அது பெரிய நடை. செலவில்லாத வழி ஒன்று: கரையை ஒட்டி 15 நிமிடம் மட்டும் நிறுத்தி இறக்குவதற்கு இரண்டு இடம், கேமராவோ ஆள் நடமாட்டமோ கண்ணில் படுகிற தூரத்தில். பெயிண்ட் செலவுதான்.

அப்புறம் அந்தப் பாதை. கார் உள்ளே வராமல் இருக்க 3 அடி இடைவெளியில் இரும்புக் குட்டைத் தூண்களை நட்டுவிடுவார்கள். அகலமான மீன்பிடிக் கயாக் ஒன்று 38 அங்குலம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியோடு சாய்த்து, ஒருக்களித்து, தூணில் உரசித்தான் உள்ளே போக வேண்டும். இன்னொரு இடத்தில் சரிவு அதிகம் என்று பாதையை வளைத்து வளைத்துக் கட்டியிருந்தார்கள், நடப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. 13 அடி நீளக் கயாக்கை அந்த வளைவில் திருப்ப முடியாமல் நான் கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்கித் திருப்பிய காட்சியைப் பார்க்க அன்று நல்லவேளை யாரும் இல்லை. பாதை போடுகிறவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிஜமான கயாக் ஒன்றை அதில் இழுத்துப் பார்த்துவிட்டுக் கான்கிரீட் ஊற்றலாம்.

சரி, இறக்குகிற இடத்துக்கு வருவோம், விஷயமே இங்கேதான். பெரிய படகை டிரெய்லரோடு இறக்கும் ராம்ப் வழக்கமாக 12 முதல் 15 சதவீதச் சரிவில் இருக்கும். அது டயருக்காகக் கட்டியது. ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், வற்றும்போது கீழ்ப்பாதியில் பாசி பிடித்திருக்கும், ரப்பர் காலணியோடு 50 கிலோவைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் நீங்கள் கயாக்கை இறக்குகிறீர்களா கயாக் உங்களை இறக்குகிறதா என்று சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய சிக்கல் நேரம். டிரெய்லர் படகு இறங்க சில நிமிடம் போதும். கயாக்காரர் சுக்கானை மாட்டி, இருக்கையைப் போட்டு, தூண்டில்களைச் செருகி, எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி முடிக்க இருபது நிமிடம் ஆகும். இதை ராம்ப் நடுவில் செய்தால் பின்னால் நிற்பவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? நியாயமான கோபம். நம்மவர்கள் பலர் இதை ராம்பில்தான் செய்கிறார்கள் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் துறைமுகம் கண்டுபிடிக்கும் மருந்து ‘கயாக்குகளுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகை. மாற்று இடம் காட்டாத பலகையால் சண்டை ராம்பிலிருந்து பாறைக்கு இடம் மாறும், கயாக்காரர் கல்லில் இறங்கப் பார்த்துக் காலை உடைத்துக்கொள்வார். ராம்புக்கு மேலே சமதளமாக, சாமான் மாட்டுவதற்கென்று கோடு போட்ட ஓர் இடம் இருந்தாலே போதும், பாதிச் சண்டை தீரும்.

உண்மையில் எங்களுக்கு வேண்டியது ராம்பும் இல்லை, மேடையும் இல்லை. அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே, மெதுவாகச் சரிகிற ஒரு துண்டு மணல் கரை. அது இருக்கிற துறைமுகத்தில் வேறெதுவும் கட்டாமல் இருப்பதே உபகாரம். ஆனால் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறுகிறார்கள், ஏனென்றால் இடம் பார்க்க வருகிறவர்கள் காலை பத்து மணிக்கு, தண்ணீர் ஏறியிருக்கும் ஒரு நல்ல நாளாகப் பார்த்து வருகிறார்கள். சென்னைக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் வித்தியாசம் பெரிய நாட்களில்கூடச் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால் நம்மூர்க் கண்ணுக்கு இது சட்டென்று உறைக்காது. கலிபோர்னியாவின் நடுக்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 7, 8 அடிவரை போகும். பத்து மணிக்கு அழகான கரையாகத் தெரிந்த இடம் மாலையில் முழங்கால் புதைகிற சேறாக இருக்கும். காலையில் சிரித்துக்கொண்டே இறங்கினவர், மீனோடு களைத்துத் திரும்பி வரும்போது அந்தச் சேற்றில் கயாக்கை இழுப்பார். மிகத் தாழ்வான ஓதத்தன்று போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும், எரிபொருள் நிரப்புமிடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

மணல் இல்லாத இடத்தில் மிதக்கும் மேடைதான் கதி. அங்கே நடப்பது உயரத் தவறு. மோட்டார் படகுக்கான மேடை தண்ணீரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி மேலே நிற்கும். கயாக்கில் உட்கார்ந்தால் உங்கள் இருக்கை தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கும், அங்கிருந்து அந்த உயரத்துக்குக் கையூன்றி ஏறுவது கிணற்றுச் சுவர் ஏறுகிற மாதிரி. ஒன்பது, பத்து அங்குலத்தில் தாழ்வாக ஒரு தனித்துண்டு மேடை இருந்தால் அறுபது வயதுக்காரரும் தானே ஏறி இறங்குவார். உருளை பதித்து, பிடித்து இழுக்கக் கம்பி வைத்த ஏவுமேடைகள் இப்போது நிறைய வருகின்றன. கால் முடியாதவர்களுக்கு அவை உண்மையிலேயே பெரிய உதவி, நான் எதிர்க்கவில்லை. ஆனால் வாங்கும் முன் அகலத்தை அளக்கவேண்டும். ஒல்லியான உலாக் கயாக்கை மனதில் வைத்துச் செய்த தடத்தில் 36 அங்குலக் கயாக் நுழையாது. அடியில் என்னென்ன தொங்குகிறது என்றும் பார்க்க வேண்டும்: மிதித்து ஓட்டும் வகையில் துடுப்புச் சிறகுகள், பின்னால் சுக்கான், மீன் காட்டும் கருவியின் உணரி. உருளையில் முதலில் உடைவது அவைதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். மீன்பிடிக் கயாக் பெரும்பாலும் மேலே உட்காருகிற வகை, உள்ளே நுழைந்து உட்காருகிற வகை இல்லை. அலை மேலே ஏறினாலும் அடியில் இருக்கிற ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தானாக வடிந்துவிடும், அது மூழ்குகிற பாத்திரம் இல்லை. நம் கட்டுமரத்தின் தத்துவமும் இதேதான், கட்டைகளுக்கு நடுவே ஏறின தண்ணீர் நடுவிலேயே இறங்கிவிடும். எந்த மேடையும் கேட்காமல் மணலிலிருந்து நேராக அலைக்குள் தள்ளிக்கொண்டு போன கலம் அது. துறைமுகம் கட்டுபவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதைக் கட்டுமரக்காரர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

துறைமுக வாய் அடுத்த சங்கதி. பெரிய படகுகள் போகிற வாய்க்காலிலேயே கயாக்கும் போக வேண்டியிருக்கும். சர்வதேசக் கடல் விதிகளின் 9-வது விதிப்படி, குறுகிய வாய்க்காலை விட்டு விலக முடியாத கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைவான கலங்கள் இடைஞ்சல் செய்யக்கூடாது. துடுப்புப் போட்டுப் போகிறவனுக்கு வழிவிடுவார்கள் என்று நம்பி நடுவில் போகும் புதியவர்களுக்கு இது தெரியாது. ஓரமாக எந்தப் பக்கம் போகலாம், எந்த மிதவைக்கு அப்பால் குறுக்கே கடக்கலாம் என்று படத்தோடு காட்டும் துறைமுகம் அபூர்வம். மாஸ் லேண்டிங் போன்ற இடத்தில் இதற்கு மேலேயும் சொல்ல வேண்டும். அங்கே எல்க்ஹார்ன் ஸ்லூ என்கிற கழிமுகத்துத் தண்ணீர் முழுவதும் ஓதம் இறங்கும்போது துறைமுக வாய் வழியாகத்தான் கடலுக்கு ஓடுகிறது, களைத்துப்போனவரை அது வெளியே இழுத்துக்கொண்டு போகும். வெளியே அடுத்த கரை கிடையாது, மான்டரே பள்ளத்தாக்கு என்கிற கடலடிப் பாதாளம் கிட்டத்தட்ட வாயிலிலேயே தொடங்குகிறது. இதற்குத் தேவை அன்றைய ஓத நேரமும் காற்றும் எழுதிய ஒரு கரும்பலகை.

பலகை என்றதும் இன்னொன்று. பெரும்பாலான பலகைகள் வழக்கறிஞருக்காக எழுதப்பட்டவை. பில்லர் பாயிண்டிலிருந்து வெளியே வந்து வலப்பக்கம் திரும்பி மேலே போனால் பில்லர் பாயிண்ட் பாதுகாப்புப் பகுதி, அதற்கும் வடக்கே எதையுமே பிடிக்கக்கூடாத மான்டாரா காப்பகம். முன்னதில் சிலவகை மீன்பிடிப்புக்கு மட்டும் அனுமதி. இதை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் எழுதி வைத்தால் இருட்டில் யார் படிப்பார்கள்? கரையில் தெரிகிற முனையையும் மிதவையையும் அடையாளமாக வைத்து ஒரு படம் வரைந்தால் அபராதமும் குறையும், மீனும் பிழைக்கும். அதிலேயே இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம். கலிபோர்னியாவில் கடலுக்குள் நீளும் பொதுப் பாலத்தில் நின்று தூண்டில் போட உரிமம் வேண்டாம், ஆனால் அதே மீனைக் கயாக்கிலிருந்து பிடிக்க, 16 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் வேண்டும். கடல்நீர்நாய் கண்ணில் பட்டால் குறைந்தது 60 அடி, அதாவது ஐந்து கயாக் நீளம் தள்ளி நிற்க வேண்டும்.

நேரம். இந்தக் கரையில் பிற்பகலில் வடமேற்குக் காற்று எழும்பும், அதனால் விடியலில் போய் மதியத்துக்குள் திரும்புவதே புத்தி. அப்படி இருக்கும்போது கதவைக் காலை எட்டு மணிக்குத் திறப்பதும், கழிப்பறையைப் பூட்டி வைத்திருப்பதும், ஈர உடையைக் காருக்குப் பின்னால் துண்டு கட்டிக்கொண்டு மாற்ற விடுவதும், குறிப்பாகப் பெண்களை, என்ன வரவேற்போ தெரியவில்லை.

திரும்பி வந்தபின் முதலில் தேடுவது நல்ல தண்ணீர்க் குழாய். பெரிய படகு கழுவுமிடத்தில் காசு போட்டு இயங்கும் பெரிய குழாய் இருக்கும், உப்பை அலச அவ்வளவெல்லாம் தேவையில்லை, தோட்டக் குழாய் போதும். உப்பு மட்டும் விஷயமில்லை. 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில் பொன்சிப்பி என்கிற அயல் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது, வட அமெரிக்காவிலேயே முதன்முறையாக. அதன்பிறகு பல ஏரிகள் படகுகளுக்குக் கெடுபிடி செய்கின்றன. இந்த வாரம் கழிமுகம், அடுத்த வாரம் ஏரி என்று போகிற கலம் கயாக். குழாய் இல்லாத துறைமுகம், கழுவாத கயாக்கை ஏரிக்கு அனுப்புகிறது.

மீன் வெட்டும் மேடையைக் கயாக் இறங்கும் கரைக்குப் பக்கத்தில் வைப்பது அடுத்த தவறு. கழிவு கண்ணில் பட்டால் கடற்சிங்கம் வரும், கடற்காகம் வரும், கூழைக்கடா வரும். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இருநூறு, முந்நூறு கிலோ கடற்சிங்கம் வேடிக்கைப் பொருள் இல்லை. மீன் எண்ணெய் இறகில் படிந்தால் கூழைக்கடாவுக்கு நீர் ஒட்டாத தன்மை போய்விடும், குளிரில் விறைத்துச் சாகும். மூடியுள்ள தொட்டி, கொஞ்சம் தள்ளி, அவ்வளவு போதும்.

கட்டணத்தைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. குழாயும் கழிப்பறையும் தருகிற இடத்தில் காசு கொடுக்கலாம். ஆனால் ராம்பையே தொடாதவரிடம் 25 அடிப் படகுக்கு வாங்குகிற அதே ராம்ப் கட்டணத்தைக் கேட்டால், அவர் நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்திவிட்டுத் திறந்த கடற்கரை அலையில் இறங்கிவிடுவார். அங்கே கவிழ்ந்தால் துறைமுகக் காவல் படகுதான் போய்த் தூக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, அபராதச் சீட்டு எழுதுகிறவர்களுக்கு. மாலையில் எல்லாரும் போனபின் கூரையில் வெறும் கயாக் தாங்கியோடு ஒரு கார் மட்டும் நிற்கிறது என்றால் அதன் சொந்தக்காரர் இன்னும் கரை ஏறவில்லை என்று அர்த்தம். இங்கே கடல் வருடம் முழுவதும் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ்தான். விழுந்தவருக்கு முதலில் மூச்சு தடுமாறும், சில நிமிடங்களில் கை சொன்னபடி கேட்காது. போகும் இடமும் திரும்பும் நேரமும் எழுதி முன்கண்ணாடியில் வைக்க ஒரு சீட்டை நுழைவாயிலில் அடுக்கி வைத்தால் நாங்கள் எழுதி வைத்துவிட்டுப் போவோம். அதில் மதியம் ஒரு மணி என்று எழுதியிருந்து, இப்போது மணி ஏழு என்றால், கண்ணாடியில் அபராதத்தைச் செருகிவிட்டு நகர வேண்டாம், 16-வது ரேடியோ அலைவரிசையில் கடலோரக் காவல்படையைக் கூப்பிடுங்கள்.